மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்ததும் நம் ஊர் டீக்கடைகளில் ஒரு மாற்றம் தெரியும். முந்தின நாள்வரை விடிகாலையில் ஒரு கையில் டீயும் மறு கையில் சிகரெட்டுமாக நின்றவர், கருப்பு வேட்டியும் கழுத்தில் துளசிமணி மாலையுமாக வந்து டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புகிறார். கடைக்காரரும் வழக்கம்போல் பாக்கெட்டை எடுத்து நீட்டுவதில்லை. "சாமி, சர்க்கரை கம்மியா போடவா?" என்பதோடு சரி. டாக்டர் சொல்லி விடாதவர் அவர். மனைவி அழுது விடாதவர். பாக்கெட்டின் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் புண்ணான வாயின் படத்தை வருடக்கணக்கில் பார்த்தும் விடாதவர். மாலை போட்ட அன்று விட்டுவிட்டார்.

சபரிமலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய மறுநாள் பலர் அதே கடைக்கு வந்து, அதே பெயரைச் சொல்லிச் சிகரெட் கேட்கிறார்கள். நோன்பு வைத்துப் பகல் முழுக்கப் புகையைத் தொடாதவர்கள் பெருநாள் முடிந்ததும் பழையபடி ஆகிவிடுகிறார்கள். தவக்காலத்தின் நாற்பது நாளும் விட்டிருந்தவர்கள் ஈஸ்டர் கழிந்ததும் திரும்புகிறார்கள்.

ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு இதில் சிரிப்பு வருவதில்லை, ஆற்றாமைதான் வருகிறது. "என்னால விடவே முடியாது" என்று சத்தியம் செய்கிற ஒரு மனிதர், வருடத்துக்கு ஒருமுறை தன்னால் முடியும் என்று ஊர் அறியச் செய்து காட்டுகிறார். கரையேறி நின்றவர், தான் கரையில் நிற்பது தெரியாமலே மறுபடி தண்ணீரில் இறங்குகிறார்.

உடம்பு எப்போதோ விட்டுவிட்டது

புகையை உள்ளே இழுத்த பத்து இருபது விநாடிக்குள் நிக்கோடின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே டோப்பமினைச் சுரக்கவைத்து ஒரு சின்னச் சுகத்தைத் தருகிறது. ஆனால் ரத்தத்தில் கலந்த நிக்கோடினில் பாதி, சுமார் இரண்டு மணி நேரத்தில் கழிந்துவிடும். கை அடுத்த சிகரெட்டைத் தேடுவது அதனால்தான். நாள்பட்ட பழக்கத்தில் மூளையில் நிக்கோடினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் பெருகிப் போகின்றன. திடீரென்று வரத்து நின்றால் அவை சும்மா இருக்குமா? எரிச்சல், காரணமில்லாத கோபம், தூக்கம் கெடுவது, மனம் எதிலும் நிற்காமை, ஓயாத பசி, சிலருக்கு மலச்சிக்கல். "பீடி பத்த வைச்சாத்தான் வெளிக்கி வரும்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. குடலும் நிக்கோடினுக்குப் பழகியிருக்கிறது. சில வாரங்களில் அதுவும் தன் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும்.

இந்த அவஸ்தை முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகிறது. இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பெருகிய ஏற்பிகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில், புகைக்காதவர் அளவுக்கே குறைந்துவிடுகின்றன.

இப்போது மாலை போட்டவரின் 41 நாள் விரதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை கழலும்போது, விடுவதில் ஆகக் கஷ்டமான பகுதி முழுவதும் முடிந்துவிட்டது. அவரைத் திரும்ப இழுப்பது டீயின் மணமும், சாப்பிட்டு எழுந்த கையின் பழக்கமும், "வா மாப்ள, ஒரு தம் போட்டுட்டு வருவோம்" என்கிற நண்பனின் குரலும்தான்.

அப்படியானால் அந்த 41 நாள் அவரைத் தாங்கியது எது? பக்தி என்பார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்தி தனியாக வரவில்லை. ஒரு தேதி குறித்து, சாட்சி வைத்துத் தொடங்கினார். ஊரே அவரைச் "சாமி" என்று கூப்பிட்டது, அதனால் யாரும் சிகரெட் நீட்டவில்லை. இருட்டு பிரியுமுன் எழுந்து குளித்தார். செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்தார். சாராயக்கடைப் பக்கம் போகவில்லை. மாலை நேரத்துக்குப் பஜனை இருந்தது, கூட உட்கார ஆட்கள் இருந்தார்கள். முன்பு விட்டு ஜெயித்த குருசாமி ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். உலகத்தின் எந்தப் போதை மறுவாழ்வு மையத்தைக் கேட்டாலும் இதே பட்டியலைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்வார்கள். மாலையைக் கழற்றிய அன்று இவை அத்தனையும் ஒரே நாளில் பிடுங்கப்படுகின்றன. மிஞ்சுவது அவருடைய வைராக்கியம் மட்டும். ஒரு துணையும் இல்லாமல் வைராக்கியத்தை மட்டும் நம்பி விட முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே ஆறு மாதமோ ஒரு வருடமோ தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தோற்ற மற்றவர்கள் கோழைகள் இல்லை. தனியே விடப்பட்டவர்கள்.

நாற்பதில் விட்டாலும் ஒன்பது வருடம்

"இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" இதைவிட அதிகம் உயிர் குடித்த வாக்கியம் புகையிலை விஷயத்தில் வேறு இருக்காது. இதற்குப் பதில் இருக்கிறது. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்ற விஞ்ஞானி தன் சகா பிராட்ஃபோர்ட் ஹில்லுடன் சேர்ந்து, 1951-ல் சுமார் 34,000 ஆண் டாக்டர்களின் புகைப்பழக்கத்தைக் குறித்துவைத்துக்கொண்டு பின்தொடரத் தொடங்கினார். ஐம்பது வருடம் பின்தொடர்ந்த கணக்கு 2004-ல் வெளிவந்தது. விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து வருடமும் ஏறக்குறையத் திரும்பக் கிடைத்தது. நாற்பதில் விட்டால் ஒன்பது வருடம், ஐம்பதில் ஆறு, அறுபதில் விட்டாலும் மூன்று. பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க அந்த மூன்று வருடம் போதும். டாலும் புகைத்தவர்தான். தன் ஆரம்ப ஆய்வுகளின் முடிவைக் கண்டதும் விட்டுவிட்டார்.

குறைத்துக்கொண்டேன், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றுதான் என்று சொல்பவர்களையும் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். இருபது சிகரெட் புகைப்பவருக்கு மாரடைப்பு அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறத்தாழப் பாதி, தினம் ஒன்று புகைப்பவருக்கும் இருக்கிறது. ரத்தக்குழாய் அவ்வளவு மென்மையானது. மாறாக, முழுவதும் விட்டால் அது அதே வேகத்தில் நன்றி காட்டும். ஒரு நாளில் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வடிந்துவிடுகிறது. ஒரு வருடத்தில், புகையால் கூடிய மாரடைப்பு அபாயம் பாதியாகிறது.

பிரிட்டன் டாக்டர்களின் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணின் கணக்கு ஒன்று உண்டு. சென்னை நகரத்திலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் குடும்பங்களைத் தேடிப் போய் விசாரித்த ஆய்வு அது. சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவலியல் ஆய்வாளர் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலானோருடன் சேர்ந்து செய்து, 2003-ல் லான்செட் இதழில் வெளியிட்டார். காசநோயால் இறப்பது, புகைப்பவர்களிடம் புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேர் புகையால் இறக்கிறார்கள் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. கிராமங்களில் புகை என்றால் பெரும்பாலும் பீடி. "இலைதானே, இயற்கைதானே" என்று பீடிக்குப் பரிந்து பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தம்மாத்துண்டு பீடியிலிருந்து சிகரெட்டுக்குக் குறையாத தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் போகின்றன.

வாயில் அதக்கிய புகையிலை

புகை என்றால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். மெல்லும் புகையிலை அப்படியில்லை. 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகையிலை பயன்படுத்தும் வயது வந்தோர் 28.6 சதவீதம், அதாவது சுமார் 26 கோடியே 70 லட்சம் பேர். புகைப்பவர்கள் 10.7 சதவீதம்தான். புகையில்லாப் புகையிலைக்காரர்கள் 21.4 சதவீதம், ஏறத்தாழ இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்.

யார் இவர்கள்? நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்கள். பசி தெரியாமல் இருக்க ஒரு கிள்ளுப் புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொள்கிறார்கள். நிக்கோடினுக்குப் பசியை மந்தப்படுத்தும் குணம் உண்டு என்பதை எந்த விஞ்ஞானமும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. நாற்றத்தோடு போராடும் தூய்மைப் பணியாளர்கள், சாரத்தில் ஏறும் கட்டடத் தொழிலாளிகள், ராத்திரி கண்விழிக்கும் லாரி ஓட்டுநர்கள், சுருக்குப்பையில் வெற்றிலையோடு துண்டுப் புகையிலையும் முடிந்துவைத்திருக்கும் பாட்டிகள். இப்போது பள்ளிக்கூடப் பையன்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்னப் பையை வைத்துக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம், வாத்தியாருக்குத் தெரியாது. 2013-லிருந்து தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை இருக்கிறது. தடை இருக்கும்போதே அவை பெட்டிக்கடையில் பேர் சொன்னால் கிடைக்கின்றன என்பது என் மனத்தை அறுக்கும் விஷயம்.

மென்றால் நுரையீரலுக்குப் போகாது, அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. புற்றுநோய்க்கான உலக ஆய்வு நிறுவனம் மெல்லும் புகையிலையை மட்டுமல்ல, வெறும் கொட்டைப்பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு தொடர்ந்து படும் கன்னத்தின் உட்சதை நார்போல இறுகி, வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வீட்டிலேயே பார்க்கலாம். நடு மூன்று விரல்களைச் சேர்த்து மேலும் கீழுமாக வாய்க்குள் நிறுத்த முடிகிறதா? முடியாவிட்டாலோ, காரம் பட்டால் வாய் எரிந்தாலோ, ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தாலோ பல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. வாய்ப் புற்றுநோய் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் வருகிறது. இருந்தும் நம்மவர்களில் பெரும்பாலோர் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

கருப்பு வேட்டி இல்லாமல்

சாமியாக இருந்த 41 நாளின் ஏற்பாட்டை வருடம் முழுக்க எப்படிக் கட்டிக்கொள்வது? தேதியில் தொடங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதைவிட, நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்துபவர்களே அதிகம் ஜெயிக்கிறார்கள். வீட்டில் சொல்லுங்கள், வேலையிடத்தில் சொல்லுங்கள், முக்கியமாக டீக்கடைக்காரரிடம் சொல்லுங்கள். சட்டைப்பையில், வண்டிப் பெட்டியில், அலமாரி மூலையில் இருப்பதையெல்லாம் முதல் நாளே தூக்கிப் போடுங்கள். தீப்பெட்டியையும் சேர்த்து.

புகைக்கான தவிப்பு கிளம்பும்போது அது முடிவே இல்லாததுபோல் தெரியும். உண்மையில் நாலைந்து நிமிடம்தான். அந்த நாலைந்து நிமிடத்தைத் தாண்ட ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரு சொம்பு தண்ணீர், ஆழ்ந்த மூச்சு, ஒரு கிராம்பு, ஒரு போன். டீயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புகை, காஃபினைச் சீக்கிரம் கரைக்கும்படி கல்லீரலை முடுக்கி வைத்திருக்கும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துபோய், அதே நாலு டீ உடம்பில் எட்டு டீயின் வேலையைச் செய்யும். படபடப்பு, தூக்கமின்மை என்று வரும்போது "தம்மை விட்டதாலதான்" என்று பழியைத் தூக்கி அங்கே போடுவோம். டீயைப் பாதியாக்கிப் பாருங்கள்.

எழுந்ததும் முதல் அரை மணிக்குள் பற்றவைப்பவர் என்றால் அடிமைத்தனம் ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம். மருந்தின் துணையைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. நிக்கோடின் சூயிங்கம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம்போல மென்று தள்ளுவதால்தான் பலருக்கு விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, பலனில்லை என்று துப்பிவிடுகிறார்கள். மெதுவாகச் சிலமுறை மென்று, நாக்கில் சுருக்கென்று காரம் தட்டியதும் கன்னத்தில் அதக்கிக்கொள்ள வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்னும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி, ஜூஸ் கூடாது. புப்ரோபியான், வரெனிக்லின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவற்றை மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002-லிருந்தே புகையிலையை விடவைக்கும் பிரிவு இயங்குகிறது.

காசில்லாத வழி ஒன்று உண்டு. 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் இலவச எண் இது. நம் பக்கத்து அழைப்புகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் ஏற்கிறது, தமிழில் பேசலாம். ஆலோசகர் உங்கள் பழக்கத்தைக் கேட்டு, தேதி குறிக்க உதவி, பிறகு அவர்களே திரும்ப அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். ஒரு குருசாமி போனில் கிடைப்பதற்குச் சமம்.

குடிக்கும் சேர்த்து இப்படி ஒரே நாளில் முற்றுப்புள்ளி வைத்துவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது தெரிவது, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடும் நாளில் முதல்முறையாகக் குடியை நிறுத்தும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

கண்டக்டரின் படிக்கட்டு

விட்டபிறகு உடம்பு சும்மா இருக்கக் கூடாது. முதல் வருடத்தில் சராசரியாக நாலு, ஐந்து கிலோ எடை கூடுவது உண்டு. அந்தப் பயத்திலேயே திரும்பப் பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். விரதத்தில் கோயிலுக்கு நடந்த கால்களை இங்கே மறுபடி கூப்பிட வேண்டும்.

நடப்பதன் மதிப்பை முதன்முதலில் எண்ணிக்கையில் காட்டியது லண்டன் பஸ்கள். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸின் படிக்கட்டை நாள் முழுக்க ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. ஜிம்முக்குப் போய் வந்தவர்கள் இல்லை அவர்கள். வேலையே அவர்களை நடக்கவைத்தது.

தினம் பத்தாயிரம் அடி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது 1965-ல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். சராசரி 72 வயதுள்ள பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட மரண அபாயம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆகவே பத்தாயிரம் முடியவில்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்ட நீரிழிவுக்காரர்கள் இருக்கும் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை குறித்தது நல்ல காரியம். எட்டு முடியாதவர் இரண்டில் திரும்பி வரலாம்.

நடையால் மட்டும் புகையை விட்டுவிட முடியுமா? நீண்ட கால ஆய்வுகளில் அதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. ஆனால் தவிப்பு கிளம்பும் நேரத்தில் எழுந்து ஐந்து பத்து நிமிடம் வேகமாக நடந்தால் அந்த நேரத்துத் தவிப்பு இறங்குகிறது என்பது திரும்பத் திரும்பக் கண்டது. டீக்கடை பெஞ்சை விட்டு நகர்வதே பாதிச் சிகிச்சை.

மூன்று மாதம் தாண்டி, ஒரு கல்யாண வீட்டில் ஒன்று இழுத்துவிட்டால்? பெரும்பாலோர் அன்றோடு "போச்சு" என்று கைவிடுவார்கள். அது ஒரு சறுக்கல். அடுத்ததைத் தொடாமல் இருப்பதே அன்றைய வேலை. வீட்டிலிருப்பவர்களும் அந்த நேரத்தில் குத்திக்காட்டாமல் இருக்க வேண்டும். நிரந்தரமாக விட்டவர்களில் பலர், பல தடவை முயன்ற பிறகே விட்டவர்கள்.

இதையெல்லாம் தனி ஆளின் தலையில் மட்டும் கட்டிவிட எனக்கு மனமில்லை. அதே தேசியக் கணக்கெடுப்பில் புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விட வேண்டும் என்று நினைப்பதாகச் சொன்னார்கள். ஆனால் மருத்துவப் பணியாளரைப் பார்த்த புகைப்பவர்களில் பாதிப் பேரிடம்தான் "விட்டுவிடுங்கள்" என்று சொல்லப்பட்டிருந்தது. மெல்லுபவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட அது சொல்லப்படவில்லை. நம்மிடம் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021-லிருந்து வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையை வாசலில் கொடுக்கிறார்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் "ஆத்தா, வாயில என்ன வச்சிருக்கே, காட்டு பார்ப்போம்" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க எத்தனை நேரமாகும்? நிக்கோடின் மாற்று மருந்து, 2022-ல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை இருக்கும் அதே பையில் அதுவும் இருக்க வேண்டும். மாலை கழற்றும் சமயத்தில் அந்தப் பை வீட்டு வாசலுக்கு வர வேண்டும்.